ஹமதானி வீடியோ கேமரா வாங்கிய கதை

என் தங்கை புருஷன் ஹமதானி ஒரு பொருளை வாங்கக் கிளம்பினால், வாங்கி முடிப்பதற்குள் அது பழைய மாடலாகிவிடும். ஒரு மின்குக்கருக்கு ஒரு கோடைக்காலம் முழுக்க எடுத்துக்கொண்ட மனிதர். அப்படிப்பட்டவர் வீடியோ கேமரா வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்றே நான் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"சிஹாரு கல்யாணத்துக்கு வேணா அதுல படம் எடுக்கலாம், கயோகோ."

சிஹாரு கயோகோவின் மகள். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஹமதானிக்குப் பிறந்த பெண் இல்லை. கயோகோவின் முதல் புருஷன் சிஹாரு நடை பழகும்போதே நகோயா பக்கம் போனவர், போனவர்தான். அந்த ஆளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கல்லில் கிடக்கும் அடை கருகிவிடும், அதனால் பேசுவதில்லை.

அடை என்று சொன்னேனே, அது என் பிழைப்பு. ஒசாகாவில் பேருந்துப் பணிமனைக்கு எதிரில், முட்டைக்கோசும் மாவும் கலந்து இரும்புக் கல்லில் சுட்டுப் போடும் சின்னக் கடை. கயோகோ விவாகரத்துக்குப் பிறகு என்னோடு வந்து சேர்ந்தாள். ஹமதானி அந்தப் பணிமனையில் பேருந்து ஓட்டுநர், பணி முடிந்து வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிற வாடிக்கையாளர். ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் அதை விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலது பக்கம் சரி, இடது பக்கம் சரி, கதவு சரி. மற்றவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் அதை மறந்துவிடுவார்கள். இவர் என் கடையில் கூடத் தட்டைச் சுட்டிக்காட்டி "சாஸ் சரி" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். கயோகோ அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அளவு அவள் சிரித்து நான் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் நான்தான் தரகர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

கல்யாணம் வசந்தத்தில் நடந்தது. சிஹாருவின் குடும்பப் பெயரும் ஹமதானி என்று மாறியது. ஆனால் அவள் வாயில் அவர் 'ஹமதானி-சான்'தான். எங்கள் தெருத் தபால்காரரையும் அவள் அப்படி சான் போட்டுத்தான் கூப்பிடுவாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "நான் குளிச்சிட்டேன், தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு, நீங்க போகலாம், ஹமதானி-சான்." ஒரே வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியவள் மாதிரி.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்டி, அவரும் ஹமதானி, நீயும் ஹமதானி. உன்னை நீயே கூப்பிட்டுக்கிறியா?"

"என் பேரு மாறினது ஸ்கூல் செருப்புல எழுதியிருக்கே, அதுல மட்டும்தான் பெரியம்மா," என்றாள் அவள்.

ஹமதானி அப்போது கடையில்தான் இருந்தார். காதில் விழாத மாதிரி அடையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

சிஹாரு போன பிறகு அவரே பேச்சை எடுத்தார். "அக்கா, அவ என்னை அப்பான்னு கூப்பிடணும்னு நான் கேக்கவே மாட்டேன். அது கேட்டு வாங்கற சாமான் இல்ல. ஆனா போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனேன் பாருங்க, அப்ப கல்யாணம் ஆகல. பின்னால மரத்தடியில நின்னேன். ஒரு வாத்தியார் வந்து, நீங்க யாருன்னு கேட்டார். இவ, அம்மாவுக்குத் தெரிஞ்சவர்னு சொன்னா. தப்பில்ல, உண்மையைத்தான் சொன்னா. ஆனா முன்னால அப்பாமாரெல்லாம் ஆளுக்கொரு கேமராவோட வரிசையா உக்காந்திருந்தாங்க. அந்த வரிசையில ஒரு தடவை உக்காரணும். இது அவளுக்குக் கடைசி விழா. அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடம் போயிடுவா. அங்கெல்லாம் அப்பா வந்தா ஓடி ஒளிஞ்சுக்குவாங்களாம்."

வாங்குவது கேமரா இல்லை, அந்த வரிசையில் ஓர் இடம் என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

கோடை முழுக்கக் கடைகளில் இலவசமாகக் கொடுக்கும் விளம்பரப் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வந்தார். வேலைக்கு நடுவே ஓய்வறையில் படித்தார், என் கடைக் கல் ஓரத்தில் வைத்துப் படித்து எண்ணெய்க் கறை ஆக்கினார். எந்தக் கேமரா எவ்வளவு எடை, எது எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும், எது மங்கிய வெளிச்சத்தில் எடுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பேருந்தில் தினம் ஏறும் ஒருவர், பழைய காலத்துத் தோள் கேமரா வைத்திருப்பவர், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆலோசனை சொன்னாராம்.

பெரிய குழப்பம் கேசட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சியின் கேசட் உள்ளங்கைக்குள் அடங்கும், இரண்டு மணி நேரம் ஓடும், ஆனால் படம் பார்க்க வேண்டுமென்றால் கேமராவையே டீவியோடு ஒயர் போட்டுக் கட்டவேண்டும். இன்னொரு கட்சியின் கேசட் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அதை ஒரு கூட்டுக்குள் வைத்து வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வீடியோப் பெட்டியில் தள்ளினால் ஓடும். ஊரே முதல் கட்சியைப் புகழ்ந்தது. ஹமதானி இரண்டாவது கட்சியில் சேர்ந்தார்.

"ரெண்டு மணி நேரம் ஓடுறத விட்டுட்டு இதைப் போய் வாங்குவாங்களா தம்பி?" என்றேன்.

"ஒயர் கட்டறது அவளுக்கு வராது அக்கா. பாக்கணும்னா என்னைக் கூப்பிட்டுக் கேக்கணும். அவ கேக்கமாட்டா. இதுன்னா நான் டூட்டிக்குப் போனப்புறம் அவளே போட்டுப் பாத்துக்கலாம் இல்லையா."

இப்படி ஒரு மனுஷன். நான் அவர் தட்டில் இன்னொரு அடையைப் போட்டேன்.

செப்டம்பரில் ஒரு விடுமுறை நாள் நிப்பொன்பாஷிக்குக் கிளம்பினோம். தெரு முழுக்க மின்சாதனக் கடை. கயோகோவுக்குக் கூட்டம் என்றால் தலைவலி, அதனால் பேரம் பேச என்னை அனுப்பினாள். ஹமதானிக்குப் பேரம் பேச வராது. விலைச்சீட்டைப் பார்த்தாலே பணப்பையை எடுத்துவிடுவார். ஒசாகாவில் பிறந்து வளர்ந்தவர் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும்.

கடையில் இவாகுரா என்று ஒரு விற்பனையாளர், எண்ணெய் தடவி வாரிய தலையோடு பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹமதானி ஒவ்வொரு கேமராவாகக் கையில் வாங்கி, வாசலைப் பார்த்துக் கண்ணில் வைத்து, இறக்கி வைத்தார்.

"நிக்கிற ஆளையெல்லாம் எல்லாக் கேமராவும் நல்லாத்தான் காட்டுது," என்றார். "ஓடுற பிள்ளையை எடுக்கணும். அக்கா, கொஞ்சம் அந்த வாசல்ல ஓடிக் காட்டுறீங்களா?"

"யாரு, நானா?"

"மெதுவா ஓடினா போதும்."

கடை முன்னால், போகிற வருகிறவர்கள் நடுவில், இடுப்பில் கட்டிய ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் வந்த நான், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடினேன். ஒரு கேமராவுக்கு ஓட்டம் முடிந்தது என்று நின்றால் அடுத்த கேமராவை எடுப்பார்.

"இது ஆளைப் பிடிக்கறதுக்கு நேரம் எடுக்குது. இன்னொரு தடவை வாங்க அக்கா. கொஞ்சம் வேகமா."

எதிர்க்கடைப் பல்புக்காரர் வெளியே வந்து கைதட்டினார். "அம்மா, ஒலிம்பிக்ஸுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா, உங்க கடைப் பல்பை ஏந்திக்கிட்டுத்தான் ஓடப்போறேன், பாத்துக்கிட்டே இருங்க," என்றேன் மூச்சு வாங்க.

கடைசியில் ஒரு கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு ஹமதானி சிரித்தார். "இதுல அக்கா மூக்கு வேர்த்தது கூடத் தெரியுது." அதுதான் கேசட்டைக் கூட்டுக்குள் வைக்கும் இரண்டாவது கட்சிக் கேமரா.

அவர் பணப்பையை எடுக்குமுன் நான் நடுவில் போய் நின்றேன். "இவாகுரா தம்பி, விலையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல என் ஓட்டக்கூலியைப் பேசுவோம். உங்க கடைக்கு முன்னால இவ்வளவு கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கேன்."

"அம்மா, நான் கேமராதான் விக்கிறேன், உங்களை ஓடச் சொல்லலையே."

"ஓட வேணாம்னும் சொல்லலையே."

விலையிலும் குறைத்து, கேசட்டுகள், பை, கூடுதல் பேட்டரி எல்லாம் போட்டுக்கொடுத்தார். அப்படியும் ஹமதானிக்கு ஒரு குறை. கேமராவில் கையை நுழைத்துப் பிடிக்க ஒரு பட்டை இருந்தது, அது போதாதாம். "பஸ்ஸுக்குள்ள கட்டாத சாமான் எதுவும் இருக்கக்கூடாது அக்கா. ஒரு பிரேக் போட்டா பறந்துடும்." வீட்டுக்கு வந்ததும் நல்ல தடித்த கயிறாக ஒன்று எடுத்து, ஒரு முனையைக் கேமராவிலும் மறு முனையைத் தன் இடுப்பு பெல்ட்டிலும் கட்டிக்கொண்டார். சிஹாரு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல கேமரா, ஹமதானி-சான்," என்றாள். அவ்வளவுதான்.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, விழா நாள். அன்று விடுப்பு கிடைப்பதற்காக ஓணான் மாதிரித் தலையாட்டி யார் யாருக்கோ பதிலாக வண்டி ஓட்டியிருந்தார். விடிவதற்குள் பள்ளி வாசலில் அப்பாமார் நீலத் தரைவிரிப்பும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஹமதானி முன்னால்தான் நின்றார். வாசல் திறந்ததும் அத்தனை பேரும் இடம் பிடிக்க ஓடினார்கள். வாசல் தூணில் 'ஓடாதீர்கள்' என்று ஒரு பலகை. நகரத்திலேயே அதைப் படித்தவர் ஹமதானி ஒருவர்தான் போலிருக்கிறது. நடந்து போனார். மைதானத்தின் கடைசி மூலையில், கைகழுவும் குழாய்ப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

"வரிசையில உக்காந்தா சரி, நடுவுல உக்காந்தா என்ன, ஓரத்துல உக்காந்தா என்ன," என்று சொல்லிவிட்டு, காலணியைக் கழற்றி விரிப்பின் ஓரத்தில் ஒழுங்காக வைத்து, மண்டி போட்டு உட்கார்ந்தார். விரலை நீட்டினார். "பேட்டரி சரி. கேசட் சரி. கயிறு சரி."

காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டினார்கள். சிவப்புத் தொப்பி, வெள்ளைச் சட்டை, நீல டவுசர். ஹமதானி மூச்சுக்கூட விடாமல் படம் பிடித்தார். மதியம் சோற்று உருண்டையும் பொரித்த கோழியும் சாப்பிட்டோம். சிஹாரு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் தன் தட்டிலிருந்து கோழித் துண்டை எடுத்து வைத்தபோது, "நன்றி, ஹமதானி-சான், போதும்," என்றாள்.

மதியத்துக்கு மேல் இரவல் ஓட்டம். பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓடிப்போய்த் தரையில் கிடக்கும் சீட்டை எடுப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கூட்டத்தில் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு கோட்டைத் தொடவேண்டும். ஒரு பையன் குடை, குடை என்று கத்தினான். ஒருத்தி வழுக்கைத் தலைக்காரர் ஒருவரை இழுத்துக்கொண்டு போனாள். ஒலிபெருக்கியில் அவசர அவசரமான இசை காதைப் பிளந்தது.

சிஹாரு சீட்டைக் குனிந்து எடுத்தாள். பார்த்தாள். அங்கேயே நின்றாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் சொன்னார். "இந்தப் பிள்ளைக்கு வீடியோ கேமரா வேணுமாம்."

அவ்வளவுதான், அப்பாமார் வரிசை முழுக்க எழுந்து நின்று கேமராவைத் தூக்கிக் காட்டியது. அவளுக்கு நேர் எதிரில் மீன்கடை மொரிஷிகே, சினிமாக்காரர் மாதிரிப் பெரிய கேமராவோடு. "இந்தா பாப்பா, எடுத்துக்கோ, மீனு வாடை அடிக்காது," என்று கத்தினார். சிஹாரு அவருக்குத் தலைகுனிந்து ஒரு வணக்கம் வைத்தாள். தாண்டி ஓடினாள். அடுத்தவரையும் தாண்டினாள். நீட்டிய கேமராக்களையெல்லாம் தாண்டி, வரிசை முழுவதும் ஓடி, குழாய்ப் பக்கத்து மூலைக்கு வந்தாள்.

ஹமதானி எழுந்திருக்கவே இல்லை. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் அவள் ஓடி வருவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கேமரா வேண்டுமென்று ஊருக்கே கேட்டது, அவருக்கு மட்டும் உறைக்கவில்லை.

"கேமராவைக் குடுங்க," என்றாள்.

அவர் திடுக்கிட்டுக் கையைப் பட்டையிலிருந்து உருவினார். அவள் கேமராவைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். இரண்டடி போனதும் கயிறு விறைத்து நின்றது. ஹமதானி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு, பேருந்தே கவிழ்ந்தாலும் அவிழாது.

"இரும்மா, இரும்மா, ஒரு நிமிஷம்."

"நேரமில்ல. நீங்களும் வாங்க."

ஓடினார்கள். அவள் முன்னால் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் பின்னால் கயிற்றில். காலில் வெறும் காலுறை, அதிலும் ஒன்றில் கட்டைவிரல் வெளியே. மைதானம் முழுக்கச் சிரிப்பு. மண்ணில் கல் குத்துமே என்று நான் அவர் காலணிகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அந்த வருஷம் நான் ஓடின ஓட்டம் பள்ளியில் படித்த காலத்தில்கூட ஓடினதில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசிக்கு முந்தின இடம். ஹமதானி முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சிஹாரு ஒரு ஆசிரியரிடம் சீட்டைக் காட்டி ஏதோ பேசிவிட்டு, கேமராவைத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

"ரொம்ப நன்றி, ஹமதானி-சான்," என்று சொல்லிவிட்டுத் தன் வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். "வழியெல்லாம் கேமரா இருந்ததே, ஏன் அவ்வளவு தூரம் ஓடி வந்தாளாம்?"

"கேட்டேன் அக்கா. மத்தவங்க கேமரா ஒடஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு சொன்னா." அதைச் சொல்லும்போதே அவர் முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் புத்திசாலிப் பெண் என்று சொல்லி அவரே சமாதானம் செய்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டில் டீவி முன்னால் உட்கார்ந்தோம். ஹமதானி கேசட்டைக் கூட்டுக்குள் வைத்து, "கூடு சரி," என்று சொல்லிப் பெட்டிக்குள் தள்ளினார். கோபுரம் வந்தது. படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. கோபுரத்தின் மேலே ஏறின பெண்ணின் நெற்றி வியர்வை, கடித்த உதடு, நடுங்கின முழங்கால், எல்லாம் தெரிந்தது. கயோகோதான் முதலில் கேட்டாள்.

"ஏங்க, இது யாரு?"

மொரிஷிகேயின் மகள் ரிசா. எல்லோரும் ஒரே சிவப்புத் தொப்பியில் இருந்ததால், ஹமதானி கோபுரம் முழுவதையும் மீன்கடைக்காரர் பெண்ணை வைத்தே எடுத்து முடித்திருந்தார். எங்கள் சிஹாரு ஓர் ஓரத்தில் பாதிக் காதாக வந்துபோனாள். கயோகோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிஹாரு கூடச் சிரித்தாள். "ரிசா வீட்டுல கேட்டா இந்தக் கேசட்டைக் குடுத்துடுங்க," என்றாள். ஹமதானி மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசி வருஷம்," என்றார். "கடைசி வருஷத்தைப் போய் இப்படிப் பண்ணிட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரவல் ஓட்டம் வந்துவிட்டது. சிஹாரு நேராக எங்களை நோக்கி ஓடி வருகிறாள். முகம் பெரிதாகிறது. "கேமராவைக் குடுங்க." அதற்குப் பிறகு படம் தலைகீழானது. வானம், மண், அவள் சட்டைப் பொத்தான், ஹமதானியின் கட்டைவிரல், மறுபடி வானம். கேமரா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சிஹாரு சட்டென்று எழுந்தாள். "இதுல படமே இல்ல. நிறுத்திடுங்க, ஹமதானி-சான்."

அவள் எது கேட்டாலும் உடனே செய்கிற மனிதர். கை பொத்தானுக்குப் போனது. எனக்கு ஏனோ ஆத்திரம் வந்தது. "கையை எடுங்க தம்பி. நான் காலணியைத் தூக்கிட்டு ஓடினது இதுல இருக்கும், அதைப் பாக்காம நான் போகமாட்டேன்," என்றேன்.

திரையில் வானம் அசையாமல் நின்றது. கோட்டைத் தொட்டுவிட்டார்கள் போல. இசை இரைந்துகொண்டிருந்தது; அந்தச் சத்தத்தில்தான் மைதானத்தில் ஹமதானி காதில் எதுவும் விழவில்லை. அதற்கு நடுவே, கேமராவை நெஞ்சோடு பிடித்திருந்ததால், பக்கத்தில் பேசின பேச்சு தெளிவாகவே விழுந்தது.

ஆசிரியர் குரல்: "கேமரா சரிதான். ஆளை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தே? இவரு யாரு?"

சிஹாருவின் குரல், மூச்சு வாங்க: "எங்க அப்பா சார். கேமராவைத் தன்னோட சேர்த்துக் கட்டி வெச்சிருக்காரு. கழட்ட முடியல."

கயோகோ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் என் காலணி ஓட்டம் வந்துபோனது, அதை நான்கூடப் பார்க்கவில்லை. ஹமதானி டீவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சத்தம் சரியா விழல போலிருக்கு. இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

"நல்லாத்தான் விழுந்துச்சு, ஹமதானி-சான்," என்றாள் சிஹாரு. காது இரண்டும் சிவந்து, அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து எதுவும் மாறவில்லை. காலையில் ஹமதானி-சான், மாலையில் ஹமதானி-சான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடையில் வைத்துக் கேட்டேன். "அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சாளா இல்லையா?"

"ஒரு தடவை சொல்லிட்டாளே அக்கா," என்றார், சாஸைச் சுட்டிக்காட்டிக்கொண்டே. "கேசட்டுல இருக்கு."

புத்தாண்டு விடுமுறையில் நாங்கள் நான்கு பேரும் ஷிராஹாமாவுக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போனோம். ரயிலில் ஜன்னல் ஓரம் சிஹாரு, எதிரில் ஹமதானி, மடியில் கேமரா, இடுப்பில் கயிறு. கடல் தெரிய ஆரம்பித்ததும் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்து அழுத்தினார். ஓடவில்லை. உள்ளே ஒரு சிவப்பு அடையாளம் மினுக்கிக்கொண்டே இருந்தது. பேட்டரியை மாற்றினார். அப்போதும் ஓடவில்லை. கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"கயோகோ. இதை யாரு பையில வெச்சது?"

"நான்தான். மேசை மேல கெடந்துச்சு. ஏன், பாதிதானே ஓடியிருக்கு, மிச்சத்துல எடுக்கலாம்னுதான்."

"இது அந்தக் கேசட்டு."

கயோகோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். தெரியாமல் செய்ததுதான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த கேசட் எந்த இடத்தில் நின்றிருந்தது என்று யாருக்குத் தெரியும். அவர் அந்தப் பொத்தானை அழுத்தியபோது மட்டும் அது ஓடியிருந்தால், எங்க அப்பா சார் என்று சொன்ன இடத்தின் மேல் கடல் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஹமதானி கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் ஓர் ஓரமாக ஒரு சின்னப் பொத்தல். "இங்க ஒரு பிளாஸ்டிக் இருக்கணும். ஒடஞ்சிருக்கு. அதனாலதான் மேல பதியமாட்டேங்குது." என்னைப் பார்த்தார். எனக்கு அது எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது. கயோகோவைப் பார்த்தார், அவளும் இல்லையென்று தலையை ஆட்டினாள். "நானும் உடைக்கல," என்றார், தன்னையே நம்பாத மாதிரி.

சிஹாரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலை விட்டுப் பார்வையைத் திருப்பவில்லை.

"அந்தப் பிளாஸ்டிக்கை உடைச்சிட்டா யாராலயும் அழிக்க முடியாதுன்னு கேமராவோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு," என்றாள். "உடைச்சு ரொம்ப நாள் ஆச்சு. ஒரு அப்பான்னா இதெல்லாம் படிச்சு வெச்சிருக்க வேண்டாமா?"

உரித்த பழத்தில் பாதியை அவர் பக்கம் நீட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. கயோகோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹமதானி பழத்தை வாங்கிக்கொண்டார். "படிக்கிறேன், இப்பவே படிக்கிறேன்," என்று சொல்லிக் கேமராப் பைக்குள் தலையை விட்டுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தது எங்கள் நான்கு பேருக்குமே தெரியும்.